குடத்து வாயும் சப்வூஃபர் பெட்டியும்

(கண்டி, அம்பிட்டியவில் முதன்முறையாக ஒலிப்பெட்டி செய்ய முனைவோருக்காக நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையில் ஒரு வெறும் சோடாப் போத்தல் இருக்கிறது. அதன் வாயோரமாக ஊதினால் அடித்தொண்டைக் குரல் ஒன்று வருகிறது. பாதிவரை தண்ணீர் ஊற்றிவிட்டு ஊதினால் அந்தக் குரல் மேலேறுகிறது. சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு. இன்றைய பேச்சு முழுவதும் இந்தப் போத்தலைப் பற்றியதுதான். போர்ட், டியூனிங், பேஸ் ரிஃப்ளெக்ஸ் என்று ஓடியோக் கடைகளில் அடிபடும் சொற்களெல்லாம் இதற்குள் அடக்கம்.

போத்தலின் கழுத்தில் நிற்கும் காற்றுக்கு எடை உண்டு. வயிற்றில் நிற்கும் காற்று ஸ்பிரிங் போல் வேலை செய்கிறது. கழுத்துக் காற்றைச் சற்று உள்ளே தள்ளினால் வயிற்றுக் காற்று இறுகித் திருப்பித் தள்ளும். வெளியே வந்த கழுத்துக் காற்று தன் வேகத்தில் தேவைக்கு மேல் வந்துவிடும். உடனே உள்ளே இழுபடும். ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டில் மேலும் கீழும் ஆடுவதும் இதே கதைதான். குழந்தை கனத்தால் தொட்டில் மெதுவாக ஆடும். ஸ்பிரிங் இறுக்கமானால் வேகமாக ஆடும். தண்ணீர் ஊற்றியதும் போத்தல் வயிறு சிறுத்தது, ஸ்பிரிங் இறுகியது, குரல் ஏறியது.

ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கணக்காக்கினார். செவியுணர்வு பற்றி 1863இல் அவர் வெளியிட்ட நூலில், வெவ்வேறு அளவுக் கோளக் கூடுகளைக் காதில் பொருத்தி, ஓர் ஒலிக்குள் கலந்து கிடக்கும் சுரங்களைத் தனித்தனியாகக் கேட்கும் முறையை விளக்கினார். நம் பக்கத்தில் இதை நூல் எழுதாமலே அறிந்தவர்கள் கடம் வாசிப்பவர்கள். மானாமதுரைக் கடத்தை மடியில் வைத்து, வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் தட்டும்போது அந்தக் ‘கும்’ ஒலி இறங்கி ஏறுவதைக் கச்சேரியில் கேட்கலாம். வாய் அடைபட அடைபட ஒலி இறங்கும்.

கண்டிப் பெரஹராவில் முழங்கும் கெடபெரய வேறு சாதி. அதன் இரு முகங்களிலும் தோல். சுரத்தைத் தீர்மானிப்பதில் தோலின் இறுக்கத்துக்கே முதலிடம். மலையகத்துத் தப்புக்கு ஒரு முகம்தான். அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சி இறுக்குகிறார்கள். சப்வூஃபர் பெட்டி இவற்றுள் யாருக்கு உறவு என்று கேட்டால், பாதி தப்பு, பாதி கடம் என்றே சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் ஆடும் கூம்பு தப்பின் தோல். குழாய் பொருத்திய பெட்டி கடம். தப்பையும் கடத்தையும் ஒரு சுருதியில் சேர்ப்பதற்குத்தான் டியூனிங் என்று பெயர்.

சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? அம்பிட்டியவில் ஒருவர் முதல் தடவையாகச் சப்வூஃபர் செய்யப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேருக்கு அது பொருந்தும். கண்டி நகருக்குப் போய் 10 அங்குல வூஃபர் ஒன்று வாங்குகிறார். அட்டையில் வாட்ஸ் கணக்கு மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தெரிந்த தச்சரிடம் கொண்டுபோய், “அண்ணே, இதுக்கு ஒரு பொட்டி அடிச்சுக் குடுங்க” என்கிறார். “எவ்வளவு பெருசு தம்பி?” என்று தச்சர் கேட்கிறார். “இது உள்ளுக்குப் போற அளவுக்குத்தான்.” குழாய்க்கு, வீடு கட்டியபோது மிஞ்சிய பிவிசித் துண்டு ஒன்று கொல்லையில் கிடக்கிறது.

பெட்டி 25 லீட்டர், குழாயின் உள்விட்டம் 8.5 செ.மீ., நீளம் 15 செ.மீ. என்று அமைந்துவிட்டால், அந்தக் கடத்தின் சுருதி ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் நிற்கும். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடந்து நடந்து கீழே இறங்கும் இடங்களில் இந்தப் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். 57ஐத் தொட்டு வரும் சுரத்துக்கெல்லாம் துள்ளிக் குதிக்கும். பாட்டு மாறினாலும் ‘தொம், தொம்’ மட்டும் மாறாது. ஓட்டோக்களிலும் தனியார் பஸ்களிலும் நாள்தோறும் கேட்கும் ஒலி இதுதான். வூஃபர் மட்டம் என்று சொல்லி இன்னும் விலைகூடிய ஒன்றை வாங்கி அதே பெட்டியில் மாட்டுவோரும் உண்டு. வூஃபர்மேல் பழி போடுவது நியாயமில்லை. பெட்டியைத் தளபாடமாக நினைத்ததுதான் தவறு. அது ஓர் இசைக்கருவி.

இந்தத் தவறுக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. உலகமே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படித்தான் தட்டித் தடவியது. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஆல்பர்ட் துராஸ், கூம்பின் பின்பக்க ஒலியை வீணாக்காமல் குழாய் வழியாக முன்பக்க ஒலியோடு சேர்க்கும் பெட்டிக்கு 1930இல் காப்புரிமை கேட்டார், 1932இல் கிடைத்தது. யோசனை வந்துவிட்டது, கணக்கு முழுமையாக வரவில்லை. செய்பவர்கள் குழாயை நீட்டியும் குறைத்தும் காதால் கேட்டு ஒப்பேற்றினார்கள்.

கணக்கு வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. நெவில் தீல் என்ற பொறியியலாளர் 1961இல் அந்நாட்டுச் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரை, வூஃபரும் பெட்டியும் குழாயும் சேர்ந்தது ஒரு மின்வடிகட்டி போன்றதே என்று காட்டியது. ரேடியோப் பொறியியலாளர்கள் வடிகட்டிக்கு ஏற்கெனவே செய்துவைத்திருந்த கணக்குகளையெல்லாம் அப்படியே மரப்பெட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 28 வகைப் பொருத்தங்களை அவர் அட்டவணையிட்டார். வெளியுலகம் அதைப் பரவலாகப் படித்தது 1971இல், அமெரிக்காவின் ஓடியோ பொறியியல் சங்கச் சஞ்சிகை மறுபதிப்புச் செய்த பிறகுதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மோல் தொடர் கட்டுரைகளால் மிச்சத்தையும் கட்டி முடித்தார். இன்று உலகெங்கும் வூஃபர்களோடு வரும் எண்களுக்குத் தீல்–ஸ்மோல் அளவுகள் என்று பெயர்.

இசையை எண்ணாக்குவது கலைக்கு விரோதம் என்று இங்கே யாராவது முணுமுணுத்தால், அவருக்கு யாழ் நூலை நினைவூட்டலாம். 1947இல் வெளியான அந்த நூலில் சுவாமி விபுலாநந்தர், சுரங்களின் விகிதங்களைக் கணக்கிட்டே வழக்கொழிந்த யாழ்களை மீட்க முயன்றார். விஞ்ஞானம் படித்த தமிழ்ப் பேராசிரியர் அவர்.

தீல்–ஸ்மோல் பட்டியல் நீளமானது. முதல் பெட்டிக்கு மூன்று எண்கள் போதும்.

முதலாவது, எஃப்.எஸ். வூஃபரைப் பெட்டியில்லாமல் தொங்கவிட்டால் கூம்பு தானாக எந்த வேகத்தில் ஆட விரும்புகிறதோ அந்த எண். தப்பின் சுருதி என்று சொல்லலாம். இரண்டாவது, வி.ஏ.எஸ். கூம்பைத் தாங்கும் ரப்பர் விளிம்பும் உள்ளே இருக்கும் மடிப்புத் துணியும் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்புத் தரக்கூடிய காற்றின் கொள்ளளவு, லீட்டரில் சொல்வார்கள். மூன்றாவது க்யூ.டி.எஸ். தட்டிவிட்டால் கூம்பு எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருக்கும் என்பதற்கான எண். கோயில் மணியை அடித்தால் நெடுநேரம் ரீங்கரிக்கும். தலையணையை அடித்தால் ‘பொத்’தென்று நின்றுவிடும். மணிக்குக் கூடிய க்யூ, தலையணைக்குக் குறைந்த க்யூ. குழாய்ப் பெட்டிக்கு 0.3 முதல் 0.45 வரை இருக்கும் வூஃபர் இணங்கும். 0.5ஐத் தாண்டினால் குழாயை மறந்துவிட்டு, மூடிய பெட்டி செய்வதே புத்தி.

அம்பிட்டியக்காரரின் வூஃபருக்கு எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 45 லீட்டர், க்யூ.டி.எஸ். 0.38 என்று வைத்துக்கொள்வோம். 0.38 வசதியான எண். அந்த இடத்தில், பெட்டியின் சுருதியை வூஃபரின் எஃப்.எஸ்.ஸிலேயே வைக்கலாம், பெட்டியின் கொள்ளளவு வி.ஏ.எஸ்.ஸில் நூற்றுக்கு 93 பங்கு. அதாவது 42 லீட்டர், 32 ஹெர்ட்ஸ். ஒலி 3 டெசிபல் குறையும் எல்லையும் அந்த 32ஐ ஒட்டியே அமையும். இதே வூஃபரின் க்யூ மட்டும் 0.6ஆக இருந்தால் அதே பொருத்தச் சூத்திரம் ஏறத்தாழ 156 லீட்டர் கேட்கும். அது குளிர்சாதனப் பெட்டியின் அளவு. ஒரேயொரு எண் மாறியதற்கு இந்தப் பாடு. கடையில் வாட்ஸைக் கேட்காமல் க்யூவைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

32 ஹெர்ட்ஸ் எவ்வளவு கீழே? அம்பிட்டிய என்றதும் பலருக்குத் தேசிய குருமடம் நினைவுக்கு வரும். 13ஆம் லியோ பாப்பரசர் 1893இல் இங்கே நிறுவிய குருமடம் 1955இல் புனேக்குப் போன பின் அந்த இடத்தில் நடப்பது அது. அந்தத் திருச்சபை மரபின் பெரிய ஆலயங்களில் குழல் ஓர்கன் என்ற வாத்தியம் உண்டு. அதில் 32.7 ஹெர்ட்ஸ் சுரம் எழுப்பத் திறந்த குழல் ஒன்று 16 அடி நீளம் நிற்க வேண்டும். அதே சுரத்தை அரை மீட்டர்ப் பெட்டிக்குள் அடக்கிவிடுகிறது இந்தக் கடத்து வித்தை. 16 அடிக் குழலில் காற்று முழு நீளத்துக்கும் அலையாக நிற்கிறது. பெட்டியிலோ காற்று எடையும் ஸ்பிரிங்குமாகப் பிரிந்து வேலை செய்கிறது. இடம் மிச்சமாவதன் இரகசியம் அவ்வளவுதான்.

அடுத்தது குழாய். ஹார்ட்வெயார் கடையில் எஸ்லோன் குழாய் என்று கேட்டால் தருவார்கள். 90 மி.மீ. என்பது வெளிவிட்டம், கணக்குக்கு வேண்டியது உள்விட்டம், அதை அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். சுவர்த் தடிப்பைப் பொறுத்து 8.5 செ.மீ. அளவில் இருக்கும். விட்டத்தின் வர்க்கம் 72.25. அதை 23,562ஆல் பெருக்க வேண்டும். வந்ததை, சுருதியின் வர்க்கத்தையும் (32 × 32 = 1,024) லீட்டரையும் (42) பெருக்கிய தொகையால் வகுத்தால் 39.6 வரும். இது காற்று உணரும் நீளம். குழாயின் இரு வாய்களிலும் கொஞ்சம் காற்று ஒட்டிக்கொண்டு சேர்ந்தே ஆடுவதால், விட்டத்தின் 0.73 மடங்கைக் கழிக்க வேண்டும்; 6.2 போனால் மிச்சம் 33.4 செ.மீ. வெட்ட வேண்டிய நீளம் அது.

இங்கேதான் முதல் பெட்டிக்காரர் சறுக்குவார். 33 செ.மீ. கூடுதலாகத் தெரிகிறதே, 63 மி.மீ. குழாய் போட்டால் 15 செ.மீ. போதும் என்று கணக்குச் சொல்கிறதே என்று அதற்குத் தாவுவார். சுருதி சரியாகத்தான் இருக்கும். ஆனால் சுருதியை ஒட்டி வரும் ஒலியில் கூம்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, முழு வேலையையும் குழாய்க் காற்றுதான் செய்கிறது. ஒல்லிக் குழாயில் அந்தக் காற்று புயலாக ஓடும். நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டினால் ‘ஃபுஸ், ஃபுஸ்’ என்ற இரைச்சல் காதில் விழத் தொடங்கும் என்பது பெட்டி செய்வோர் கைக்கணக்கு. மறுபக்கம், 110 மி.மீ. குழாய் போட்டால் இரைச்சல் அடங்கும். நீளமோ 52 செ.மீ. ஆகிவிடும், பெட்டிக்குள் நிற்காது. ஸ்மோலின் சூத்திரப்படி, கூம்பு 10 மி.மீ. ஆடக்கூடிய 10 அங்குல வூஃபருக்கு 10 செ.மீ. விட்டக் குழாய் நல்லது. 8.5 என்பது சமரசம். முழுச் சத்தத்தில் சற்று மூச்சிரைக்கும், வீட்டுச் சத்தத்தில் இரைக்காது. குழாயின் இரு வாய்களையும் தாமரை மடல்போல் வெளிப்புறம் விரித்துவிட்டால் இன்னும் நல்லது.

பெட்டியின் அளவு இப்படி வருகிறது: காற்றுக்கு 42 லீட்டர், குழாய் அடைக்கும் இடம் 2, வூஃபரின் பின்னுடம்பு 2, உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டங்கள் 1. மொத்தம் 47 லீட்டர். உள்ளளவு 30, 36, 43.5 செ.மீ. என்று வைத்தால் கணக்குச் சரி. மூன்று பக்கமும் ஒரே அளவான கனசதுரம் வேண்டாம். சுவருக்குச் சுவர் மோதும் அலைகள் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். 43.5 செ.மீ. நீளவாக்கில் குழாயைப் படுக்கவைத்தால் உள்வாய்க்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே குழாய் விட்டத்துக்குக் குறையாத இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி கட்டாயம். வூஃபர் ஒரு பக்கத்திலும் குழாய் வேறு பக்கத்திலும் இருக்கலாமா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வருவது. தாராளமாக இருக்கலாம். 32 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 10.8 மீட்டர், அரை மீட்டர்ப் பெட்டியின் முன்பக்கமும் பக்கவாட்டும் அதற்கு ஒன்றுதான்.

மரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தடிப்பு 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை சீராக வெட்டுப்படும், விலையும் கைக்கடக்கம்; ஆனால் கண்டியின் ஈரப்பதனில் அதன் வெட்டு விளிம்புகள் நீரை உறிஞ்சிப் பொருமிவிடும். வூஃபரைத் திருகாணியால் இறுக்கிய இடம் ஒரு மழைக்காலத்தில் தளர்ந்தால் காற்று கசியும், கசிந்தால் கடத்தில் ஓட்டை. எம்.டி.எஃப். எடுப்போர் உள்ளும் புறமும் எல்லா விளிம்புகளுக்கும் வார்னிஷோ பெயின்டோ பூசிவிட வேண்டும். கையில் காசிருந்தால் மரீன் பிளைவூட் மேல். மொரட்டுவத் தச்சர்கள் தளபாடத்தில் காட்டும் நேர்த்தி இந்தப் பெட்டிக்கு வேண்டியதில்லை. இடுக்கில் காற்றுப் புகாமை மட்டும் வேண்டும். எல்லா மூட்டுக்கும் மரப்பசை, உள்மூலைகளில் சிலிக்கன், வூஃபர் விளிம்புக்குக் கீழே ஸ்பொஞ்சு நாடா. பார்க்க எளிய வழி: குறைந்த சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஊதுபத்திப் புகையை மூட்டு மூட்டாகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் புகை நடுங்கும்.

நுவரெலியாவில் இதே பெட்டி வேறுவிதமாகப் பாடுமா என்று ஒரு பெண் கேட்டார். ஒலியின் வேகம் உயரத்தால் மாறுவதில்லை, வெப்பநிலையால் மாறும். 27 பாகையில் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர், 16 பாகையில் 341. சுருதி 32லிருந்து 31.4க்கு இறங்கும். காது கண்டுபிடிக்காது. பெட்டி 10 வீதம் சிறுத்துப்போனால்கூட 33.7க்குத்தான் ஏறும். ஆகவே அரை லீட்டருக்காகத் தூக்கம் கெட வேண்டாம். தூக்கம் கெட வேண்டிய இடம் வூஃபரின் எண்கள்.

அந்த எண்கள் அட்டையில் இல்லாவிட்டால்? பெரும்பாலும் இருப்பதில்லை. வீட்டிலேயே அளக்கலாம். தேவை: ஒரு மல்ட்டிமீட்டர், 1,000 ஓம் தடை ஒன்று, 10 ஓம் தடை ஒன்று, கைபேசியில் சுரம் எழுப்பும் செயலி, ஓர் அம்ப்ளிஃபயர். அம்ப்ளிஃபயரின் வெளியீட்டை 10 வோல்ட்டில் நிறுத்தி, 1,000 ஓமையும் வூஃபரையும் தொடராக இணைக்க வேண்டும். முதலில் வூஃபருக்குப் பதில் 10 ஓமை வைத்தால் மீட்டர் சுமார் 100 மில்லிவோல்ட் காட்டும். ஆக, 10 மில்லிவோல்ட் என்றால் 1 ஓம். இனி வூஃபரை வைத்து 15 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் அளவு மலைபோல் எழும். அந்த உச்சி எஃப்.எஸ்.

அம்பிட்டியக்காரரின் வூஃபர் உச்சியில் 45 ஓம் காட்டுகிறது, மல்ட்டிமீட்டரால் அளந்த நேர்த்தடை 3.5 ஓம் என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க 12.5 ஓம். மலையின் இரு சரிவுகளிலும் 12.5 ஓம் காட்டும் இடங்கள் 22.4, 45.9 ஹெர்ட்ஸ் என்று அமைந்தால் இடைவெளி 23.5. எஃப்.எஸ்.ஸை அதனால் வகுத்து, 3.5ஐ 45ஆல் வகுத்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 0.38. க்யூ.டி.எஸ். கிடைத்துவிட்டது. வி.ஏ.எஸ்.ஸுக்கு, காற்றுக் கசியாத 20 லீட்டர் மூடிய பெட்டி ஒன்றில் வூஃபரை மாட்டி உச்சியை மீண்டும் தேட வேண்டும். 32 இருந்த இடம் 58க்கு ஏறினால், 58ஐ 32ஆல் வகுத்து வர்க்கித்து ஒன்றைக் கழித்து 20ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 46 லீட்டர். பாடசாலைக் கணிதம்தான். பொறியியல் படிக்கப் பேராதனைக்குப் போக வேண்டியதில்லை. போனவர்கள் கோபிக்க வேண்டாம்.

புது வூஃபரை அளப்பதற்கு முன் சில மணி நேரம் குறைந்த சுரத்தில் ஆடவிடுவது நல்லது. விறைத்த விளிம்பு தளர்ந்த பிறகு எஃப்.எஸ். சற்று இறங்கும்.

பெட்டி முடிந்ததும் இதே கம்பிகளை மீண்டும் மாட்ட வேண்டும். இப்போது ஒரு மலைக்குப் பதில் இரண்டு மலைகள், நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மலைநாட்டாருக்கு விளக்கத் தேவையில்லாத படம். பள்ளத்தாக்கின் அடி எந்த ஹெர்ட்ஸில் விழுகிறதோ அதுதான் கடத்தின் உண்மையான சுருதி. மீட்டர் இல்லாதவர் கண்ணாலும் ஓரளவு பார்க்கலாம்: சுரத்தை 50லிருந்து மெல்ல இறக்கினால், ஓரிடத்தில் கூம்பின் ஆட்டம் அடங்கிக் குழாய் வாயில் காற்று பலமாக வீசும். அதற்கும் கீழே போனால் கூம்பு மறுபடி துள்ளத் தொடங்கும், முன்னைவிட மோசமாக. அங்கே நிறுத்திவிட வேண்டும். சுருதிக்குக் கீழே பெட்டிக் காற்று கூம்பைப் பிடித்துக்கொள்வதில்லை. குழாய் வழியே சும்மா போய் வருகிறது. மூடிய பெட்டியில் ஒலி எட்டுச்சுரத்துக்கு 12 டெசிபல் வீதம் குறைந்தால் குழாய்ப் பெட்டியில் 24 டெசிபல் வீதம் விழும். கூம்போ கட்டறுத்து ஆடும். வூஃபர்கள் கிழிவது பெரும்பாலும் இந்த இடத்தில். சப்சோனிக் ஃபில்டர் உள்ள அம்ப்ளிஃபயர் வாங்கி, 25 ஹெர்ட்ஸுக்கு அண்மையில் வெட்டிவிடுவது காப்புறுதி போல.

பள்ளத்தாக்கு 32இல் விழாவிட்டால் குழாயைத் தொட வேண்டும். முதலில் 38 செ.மீ. அளவில், ஐந்து செ.மீ. கூட்டி வெட்டியிருந்தால் சுருதி 30 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒவ்வொரு செ.மீ. குறைக்கும்போதும் ஏறத்தாழ 0.4 ஹெர்ட்ஸ் ஏறும். வெட்டியதை ஒட்டிச் சேர்ப்பது கஷ்டம், நீண்டதைச் சீவுவது சுலபம். தப்புக்காரர் காய்ச்சிப் பார்த்து அடித்து, திரும்பவும் காய்ச்சுவது போலப் பொறுமையாகச் செய்யும் வேலை.

அதற்குப் பிறகு அறை. 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸில் தானாகவே குமுறும். 3 மீட்டர் அகலம் 57இல். நல்ல பெட்டியையும் அறை கெடுக்கும். பெட்டியைக் கேட்பவரின் நாற்காலியில் தூக்கி வைத்து, பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையைச் சுற்றிக் குனிந்து நடந்தால், எந்த மூலையில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அந்த மூலை பெட்டிக்கு உரியது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும்; பலன் இருக்கிறது. தகரக் கூரை வீடுகளில் முதலில் கூரை ஆணிகளை இறுக்குங்கள். பாதி ‘பேஸ்’ தகரத்தின் அதிர்வு என்று அப்போது தெரியும்.

பத்து மீட்டர் நீள அலைக்குச் சுவர் பெரிய தடையில்லை. அம்பிட்டியச் சரிவுகளில் ஒரு வீட்டின் முற்றம் அடுத்த வீட்டின் கூரை மட்டத்தில் இருக்கிறது. பாட்டின் சொற்கள் கேளாமல் தொம்தொம் மட்டும் அயலாருக்குப் போய்ச் சேரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரக்கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் சொன்னது பொது இடத்துக்கான கட்டளை. வீட்டுக்குள் வைத்திருப்போருக்கும் அந்த மணிக்கணக்கு உதவும். அளவெடுக்கும் வேலை எல்லாவற்றையும் பகலில் முடியுங்கள். 25 ஹெர்ட்ஸ் சுரத்தை நள்ளிரவில் ஓடவிட்டு, “பரிசோதனை” என்று சொன்னால் எந்த அயலாரும் நம்பமாட்டார்.

மேசையில் மல்ட்டிமீட்டர் இருக்கிறது, இரு தடைகளும் இருக்கின்றன. பெட்டி கொண்டு வந்திருப்போர் ஒவ்வொருவராக வரலாம். குழாயைப் பசை போட்டு ஒட்டிவிட்டவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாள் எடுத்துவர ஆள் அனுப்ப வேண்டும்.